ஈடு பார்த்துக் கொடுத்த கடன்: யாக்கோப் ஃபுக்கரும் ஆக்ஸ்பர்க் நகரமும்

1490-களில் தென் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஃபுக்கர் என்ற பெயரில் இரண்டு வியாபாரக் குடும்பங்கள் இருந்தன. இரண்டும் ஒரே தாத்தாவின் வழி வந்தவை. ஒரு வீட்டின் சின்னம் மான், இன்னொரு வீட்டின் சின்னம் லில்லி மலர். மான் வீட்டுக்குத் தலைவர் லூக்காஸ். லில்லி வீட்டில் அண்ணன்மாரோடு சேர்ந்து தொழில் பார்த்தவர் யாக்கோப், லூக்காஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு பேரும் ஒரே ஆளுக்குக் கடன் கொடுத்தார்கள். ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஜெர்மன் அரசர் மாக்ஸிமிலியன். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்பது ஊருக்கே தெரியும்.

லூக்காஸ் அந்தக் கடனால் போண்டியானார். யாக்கோப் அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆனார்.

ஆள் ஒன்று, ஈடு வேறு. லூக்காஸுக்குக் கிடைத்தது, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் நகரத்தின் பிணை. அரசர் தராவிட்டால் நகரம் தரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேட்கப் போனபோது நகரம் கையை விரித்துவிட்டது. யாக்கோப் எழுத்தை நம்பவில்லை. ஆல்ப்ஸில் இருக்கும் டிரோல் மலைகளில் வெட்டியெடுக்கும் வெள்ளி நேரே தன் கிட்டங்கிக்கு வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். "பணக்கார ஃபுக்கர்" என்று சரித்திரம் சொல்லும் மனிதரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான்.

அவரை வளர்த்த ஊரை முதலில் பார்க்கலாம். லெக், வெர்டாக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, கி.மு. 15 வாக்கில் ரோமானியப் படை முகாமாகத் தொடங்கிய ஊர் ஆக்ஸ்பர்க். ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலி போகும் பழைய ரோமானியச் சாலை அதன் வழியே ஓடியது. ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களாகப் பிரித்து ஊருக்குள் விட்டிருந்தார்கள். மாவு ஆலை, சாயப்பட்டறை, தோல் பதனிடும் இடம், கொல்லுப்பட்டறை எல்லாம் அந்தத் தண்ணீரில் ஓடின. அந்த நீர் அமைப்புக்குத்தான் 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. நகரம் எந்தச் சிற்றரசருக்கும் கட்டுப்பட்டதல்ல, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியது. ஊரின் பிரதான தொழில் நெசவு. லினன் நூல் பாவு, பருத்தி நூல் ஊடை என்று நெய்யும் ஒரு கலப்புத் துணி அங்கே பெயர்போனது. லினன் சுற்றுவட்டாரத்தில் விளைந்தது. பருத்தி சைப்ரஸிலிருந்தும் சிரியாவிலிருந்தும் கப்பலில் வெனிஸ் வந்து, அங்கிருந்து மலை ஏறி இறங்கி வந்தது. ஆக, ஆக்ஸ்பர்க் நெசவாளி தறியில் உட்காரும்போதே அவனுக்கு வெனிஸோடு ஒரு கணக்கு உண்டு.

1367-ல் ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளி பக்கத்துக் கிராமமான கிராபெனிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தார். நகர வரிப் புத்தகத்தில் "ஃபுக்கர் வந்து சேர்ந்தார்" என்று லத்தீனில் ஒரு வரி இன்றும் இருக்கிறது. வந்த மறுவருஷம், 1368-ல், கைவினைஞர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்து நகர ஆட்சியில் பங்கு வாங்கிவிட்டன. நெசவாளர் சங்கம் அவற்றில் பலமானது. ஹான்ஸ் நெய்ததோடு நிற்காமல் நூலும் துணியும் வாங்கி விற்கத் தொடங்கினார். அவருடைய மகன் மூத்த யாக்கோப், நகர நாணயச்சாலைக் கண்காணிப்பாளரின் மகள் பார்பராவைக் கட்டினார். மூத்த யாக்கோப் 1469-ல் இறந்தபின் தொழிலைக் கட்டிக் காத்தவர் பார்பராதான். பின்னாளில் மகன் எழுதிய நிறுவன ஒப்பந்தத்தில் பெண்களுக்கு நிர்வாகத்தில் இடமே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1459 மார்ச் 6-ல் பிறந்த யாக்கோப், பல பிள்ளைகளில் கடைசி வரிசை. தேவாலயப் பணிக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவர். ஆனால் பதினாலு பதினைந்து வயதிலேயே அவர் வெனிஸில் இருந்திருக்கிறார். கிராண்ட் கால்வாய்க் கரையில் ஜெர்மன் வணிகர்களுக்கென்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. வெனிஸுக்கு வரும் ஜெர்மன் வியாபாரி அங்கேதான் தங்க வேண்டும், அங்கேதான் விற்க வேண்டும், வரியும் அங்கேயே கட்ட வேண்டும். அந்தக் கெடுபிடிக்கு நடுவில் இளைஞர்கள் தொழில் படித்தார்கள். முக்கியமாக, பற்று வரவை இரண்டு பக்கமும் பதியும் இரட்டைப் பதிவுக் கணக்கு. இத்தாலியில் பழகிப்போன அந்த முறை ஜெர்மனியில் அப்போது அபூர்வம். தன் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு பெறும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லக்கூடிய ஜெர்மன் வணிகர் மிகச் சிலரே. யாக்கோப்பால் முடிந்தது.

இனி டிரோலுக்கு வருவோம். இன்றைய ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஷ்வாட்ஸ் என்ற ஊர். அங்கே அப்போது ஐரோப்பாவின் மிகப் பெரிய வெள்ளிச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. டிரோலை ஆண்ட சிகிஸ்முண்ட் கோமகன் கைக்கு வெள்ளி வந்தது, ஆனால் கையில் தங்கவில்லை. ஆடம்பரம் ஒரு பக்கம். 1487-ல் வெனிஸோடு வம்புக்குப் போய் இழப்பீடு கட்ட வேண்டி வந்தது இன்னொரு பக்கம். ஃபுக்கர் சகோதரர்கள் 1485-ல் அவருக்கு 3,000 குல்டன் (அன்றைய ஜெர்மன் தங்க நாணயம்) கொடுத்துத் தொடங்கினார்கள். 1488-ல் கடன் 1,50,000 குல்டனுக்குப் போய்விட்டது.

இந்தக் கடன் எப்படி வேலை செய்தது என்பதுதான் விஷயம். சுரங்கத்தில் வெள்ளி உருக்குபவர்கள் அதைச் சந்தையில் இஷ்டப்படி விற்க முடியாது. ஆள்பவர் நிர்ணயித்த குறைந்த விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். அந்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் ஆள்பவரின் வருமானம். ஃபுக்கர் செய்தது, ஆள்பவர் நின்ற இடத்தில் தான் போய் நின்றது. உருக்குபவர்களுக்கு அந்தக் குறைந்த விலையைக் கொடுத்து வெள்ளியை எடுத்துக்கொள்வார், வெளியே விற்பார். கோமகனுக்குச் சேர வேண்டிய லாபத்தைக் கடனில் கழித்துக்கொள்வார். புத்தகத்தில் வட்டி என்று ஒரு வரி எழுதத் தேவையில்லை. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். கடன் வாங்கியவர் "இந்த வருஷம் முடியாது" என்று இழுத்தடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் பணம் அவர் கைக்கு வருவதே இல்லை.

1490-ல் டிரோலின் பிரபுக்கள் சிகிஸ்முண்டை ஒதுங்க வைத்து, உறவினரான மாக்ஸிமிலியனிடம் நாட்டை ஒப்படைத்தார்கள். ஃபுக்கருக்கு இதில் நஷ்டமில்லை. ஆண்டவர் மாறினார், சுரங்கம் அதே இடத்தில்தான் இருந்தது.

மாக்ஸிமிலியன் சிகிஸ்முண்டைவிடப் பெரிய செலவாளி. ஓயாத போர், எங்கே பார்த்தாலும் திட்டம், எப்போதும் காலி கஜானா. ஆக்ஸ்பர்க்குக்கு அவர் அடிக்கடி வந்து தங்கியதைப் பார்த்து பிரெஞ்சு அரசர் அவரை "ஆக்ஸ்பர்க் மேயர்" என்று கேலி செய்தாராம். வந்ததற்கு ஒரு காரணம் ஊர்ப் பாசமாக இருக்கலாம். இன்னொரு காரணம் கடன் கொடுப்பவர்கள் அங்கே இருந்தது. பணமாகத் திருப்ப முடியாதபோது அவர் நிலமாகக் கொடுத்தார். 1507-ல் கிர்ஷ்பெர்க், வைசன்ஹார்ன் பகுதிகள் 50,000 குல்டனுக்கு யாக்கோப்பிடம் போயின. நெசவாளியின் பேரன் 1514-ல் பிரபுப் பட்டம் வாங்கினார்.

வெள்ளிக்கு அடுத்தது தாமிரம். 1494, 95 வாக்கில் யாக்கோப், யோஹான் தூர்சோ என்ற சுரங்க நிபுணரோடு கூட்டுச் சேர்ந்தார். தூர்சோவின் கைச்சரக்கு, தண்ணீர் புகுந்து கைவிடப்பட்ட சுரங்கங்களை மீட்பது. அப்புறம் தாமிரத்தோடு ஈயத்தைச் சேர்த்து உருக்கி, அதற்குள் மறைந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பது. இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவின் சுரங்கங்களை, அன்று அது ஹங்கேரி, இந்தக் கூட்டு எடுத்து நடத்தியது. இன்றைய ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் ஃபுக்கராவ் என்று தன் பெயரிலேயே ஓர் உருக்காலை ஊர். ஜெர்மனியின் துரிங்கியாவில் இன்னொன்று. தாமிரம் மலைப்பாதை வழியே தெற்கே வெனிஸுக்கும், கிராகோவ் வழியாக விஸ்துலா ஆற்றில் இறங்கி பால்டிக் கடலைத் தொட்டு ஆண்ட்வெர்ப்புக்கும் போனது. தூர்சோ மகனுக்கு ஃபுக்கர் வீட்டில் பெண் எடுத்துச் சம்பந்தமும் செய்துகொண்டார்கள். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

இதற்கு நடுவில் ஒரு சம்பவம். 1498-ல் ஆக்ஸ்பர்க்கின் பெரிய வணிகர்கள் சேர்ந்து வெனிஸில் தாமிர விலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கூட்டு வைத்தார்கள். ஃபுக்கர் நிறுவனமும் அதில் ஓர் உறுப்பினர். ஆனால் ஹங்கேரித் தாமிரம் தூர்சோ பெயரில் அதே சந்தையில் வந்து இறங்கியது. விலை சரிந்தது, கூட்டு உடைந்தது, கூட்டாளிகள் அடிபட்டார்கள். ஊர்க்காரர்கள் அவரை நேசித்ததாகத் தெரியவில்லை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

இந்தத் தாமிரம் எங்கே போய் முடிந்தது என்பதில் நம் பக்கத்துக் கடற்கரைக்கும் பங்கிருக்கிறது. போர்ச்சுகீசியர் மிளகு வாங்க மலபாருக்கு வந்தபோது, மாற்றாகக் கொடுக்க அவர்களிடம் பெரிதாகச் சரக்கு இல்லை. கொச்சியிலும் கள்ளிக்கோட்டையிலும் விலைபோன ஐரோப்பியப் பொருள்களில் முதலில் நின்றது தாமிரம், கூடவே வெள்ளி. லிஸ்பனுக்கு இரண்டையும் கொடுக்கக்கூடியவர்கள் ஆக்ஸ்பர்க்காரர்கள். 1505-ல் பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் படையிலேயே ஜெர்மன் வணிகர்கள் முதலீடு செய்தார்கள். அதில் ஆக்ஸ்பர்க்கின் இன்னொரு பெரும் வணிகக் குடும்பமான வெல்சர்கள் போட்டது 20,000 குருசாடோ (போர்ச்சுகீசியத் தங்க நாணயம்), ஃபுக்கர் போட்டது 4,000 மட்டும். கடல் வியாபாரத்தில் யாக்கோப்புக்கு அவ்வளவு ஆசை இல்லை. கப்பல் மூழ்கினாலும் மூழ்காவிட்டாலும் தாமிரம் விற்றவருக்குக் காசு வந்துவிடும். அந்தப் பயணத்தில் போய் வந்தவர் சொன்னதை வைத்து, ஆக்ஸ்பர்க் ஓவியர் ஹான்ஸ் புர்க்மாயர் 1508-ல் கொச்சி மன்னரின் ஊர்வலத்தை மரச்செதுக்குப் படமாகப் போட்டார். கேரளத்தைக் கண்ணால் பார்க்காத கைக்கு அது மோசமில்லை.

சரி, இவ்வளவுக்கும் முதல் எங்கிருந்து வந்தது? சொந்தப் பணம் மட்டும் போதாது. பெரிய இடத்து ஆட்கள் ரகசியமாகப் போட்டு வைத்த வைப்புத்தொகை ஒரு முக்கிய ஊற்று. பிரிக்ஸன் ஆயரும் கர்தினாலுமான மெல்கியோர் ஃபொன் மெக்காவ் 1,50,000 குல்டனுக்கு மேல் ஃபுக்கரிடம் போட்டு வைத்திருந்தார். வட்டி பாவம் என்று பிரசங்கம் செய்ய வேண்டியவர் வட்டிக்குக் கொடுத்தால் வெளியே சொல்ல முடியுமா? 1509-ல் ரோமில் அவர் இறந்ததும் குட்டு உடைந்தது. அந்தச் சொத்து தனக்கே என்று போப் இரண்டாம் ஜூலியஸ் உரிமை கொண்டாடினார். 1511 கணக்குப்படி நிறுவனத்தின் சொந்த முதல் சுமார் 1,97,000 குல்டன். அதோடு ஒப்பிட்டால், ஒரே நாளில் கேட்கப்பட்ட அந்தத் தொகை கழுத்தை நெரிக்கக்கூடியது. மாக்ஸிமிலியன் குறுக்கே வந்து பேசி, தவணையில் தீர்க்க வழி செய்தார். அந்த அரசருக்குக் கொடுத்த கடன்களில் நல்ல பலன் தந்தது எது என்று என்னைக் கேட்டால், கையில் காசு வராத இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

யாக்கோப்பின் அலுவலகம் எப்படி இருந்தது என்று ஒரு படம் சொல்கிறது. 1516-ல் வேலைக்குச் சேர்ந்த தலைமைக் கணக்குப்பிள்ளை மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். தான் உடுத்திய உடைகளையெல்லாம் வயது வாரியாகப் படமாக வரைய வைத்து ஒரு புத்தகமாகச் சேர்த்தார். அதில் ஒரு பக்கத்தில் அவர் பேரேட்டோடு உட்கார்ந்திருக்க, முதலாளி எதிரே நிற்கிறார். பின்னால் ஓர் அலமாரி. அதன் இழுப்பறைகளில் ரோம், வெனிஸ், புடா, கிராகோவ், மிலான், இன்ஸ்புருக், நூரம்பர்க், ஆண்ட்வெர்ப், லிஸ்பன் என்று ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் கடிதம் வரும், விலை வரும், வதந்தியும் வரும். யார் சாகக் கிடக்கிறார், எங்கே போர் மூளும் என்பது தூதர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிய வாய்ப்பிருந்தது. நிறுவனத்தை நடத்தும் அதிகாரம் 1512 ஒப்பந்தப்படி அவர் ஒருவருக்கே. அண்ணன் பிள்ளைகள் பங்குதாரர்கள், ஆனால் சித்தப்பா சொன்னதைச் செய்ய வேண்டியவர்கள்.

ரோமில் அவர் செய்த தொழில்தான் அவர் பெயரைப் பிற்காலத்தில் அதிகம் கெடுத்தது. ஜெர்மனியிலும் வடக்கிலும் திருச்சபைக்காக வசூலாகும் பணத்தை ஆல்ப்ஸ் தாண்டி மூட்டையாகக் கொண்டுபோவது ஆபத்து. ஃபுக்கர் கிளை இங்கே வாங்கிக்கொண்டு உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தால், ரோமில் இருக்கும் கிளை அங்கே கொடுத்துவிடும். போப்பின் நாணயச்சாலையையே கொஞ்ச காலம் அவர்கள் நடத்தினார்கள். 1514-ல் பிராண்டன்பர்க் குடும்பத்து அல்பிரெக்ட், 24 வயதில், ஏற்கெனவே வகித்த பதவிகள் போதாமல் மைன்ஸ் பேராயர் பதவியையும் பிடித்தார். அதற்கு ரோமில் கட்ட வேண்டிய கட்டணத்துக்காக ஃபுக்கரிடம் 29,000 குல்டன் கடன். ஈடு என்ன? வெள்ளியோ தாமிரமோ இல்லை. புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கென்று விற்கப்படும் பாவமன்னிப்புச் சீட்டு வசூலில் பாதி. சீட்டு விற்ற யோஹான் டெட்செல் போகும் இடமெல்லாம் ஃபுக்கரின் ஆளும் கூடவே போனார். பெட்டியைத் திறந்து எண்ணும்போது அவர் இருக்க வேண்டும். ஃபுக்கருக்கு இதுவும் மற்றக் கடன்களைப் போலத்தான்: பணம் பிறக்கும் இடத்தில் போய் நின்றுகொள்வது.

இந்த விற்பனையைக் கண்டுதான் 1517-ல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் அதைக் கண்டித்துத் தன் 95 வாதங்களை எழுதினார்; திருச்சபைச் சீர்திருத்தம் அங்கே தொடங்கியது. 1518 அக்டோபரில் போப்பின் தூதரான கர்தினால் கயெத்தான் முன் விளக்கம் சொல்ல ஆக்ஸ்பர்க்குக்கு வரவழைக்கப்பட்டார். விசாரணை நடந்த இடம் ஃபுக்கர் மாளிகை. லூதர் தங்கியது புனித அன்னாள் மடத்தில். அந்த மடத்துக் கோயிலில்தான், அதே ஆண்டு, ஃபுக்கர் சகோதரர்களின் கல்லறைச் சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. வெனிஸில் பார்த்த பாணியை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த முதல் மறுமலர்ச்சிக் கட்டடம் என்று கலை வரலாற்றாளர்கள் அதைச் சொல்வார்கள். மாளிகையின் உள்முற்றமும் 1515-லேயே இத்தாலிய வளைவுகளோடு எழுந்திருந்தது. லூதர் 1520-ல் எழுதியபோது ஃபுக்கர் போன்ற நிறுவனங்களின் வாய்க்குக் கடிவாளம் போட வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதினார். இன்னொரு பக்கம், ஐந்து சதவீத வட்டி பாவமில்லை என்று 1515-ல் பொலோனா வரை போய் வாதாடிய யோஹான் எக் என்ற இறையியலாளருக்குப் பின்னால் நின்றவர் யாக்கோப். நான்கு வருஷம் கழித்து லைப்சிக்கில் லூதரை எதிர்த்து வாதாடியவரும் அதே எக்தான்.

1519 ஜனவரியில், அதற்குள் பேரரசர் ஆகியிருந்த மாக்ஸிமிலியன் இறந்தார். பேரரசர் பதவி வாரிசுரிமை அல்ல. ஏழு பேர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. போட்டியில் மாக்ஸிமிலியனின் 19 வயதுப் பேரன், ஸ்பெயின் அரசர் சார்லஸ். எதிரே பிரான்ஸ் அரசர் முதலாம் பிரான்சிஸ். ஏழு பேருக்கும் அவர்கள் ஆலோசகர்களுக்கும் ஹாப்ஸ்பர்க் தரப்பு செலவழித்த தொகை 8,51,918 குல்டன். அதில் ஃபுக்கர் கொடுத்தது 5,43,585. வெல்சர் சுமார் 1,43,000, மீதி இத்தாலிய வங்கியாளர்கள். லஞ்சம் என்ற சொல்லைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு இது கிட்டத்தட்டப் பகிரங்கமாகவே நடந்தது. வாக்காளர்கள் அரசர்களின் வாக்குறுதியை நம்பவில்லை, ஃபுக்கர் கையெழுத்திட்ட சீட்டைக் கேட்டார்கள். யாக்கோப்பும் தேர்தல் முடிந்த பின்பே பணம் என்ற நிபந்தனையோடு சீட்டு எழுதினார். ஜூன் 28-ல் சார்லஸ் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த இடத்தில் ஈடு பார்க்கும் மனிதர் ஈடு இல்லாமல் அரை மில்லியன் குல்டனைக் கொட்டினார் என்று தோன்றும். உண்மையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. டிரோல் வெள்ளியைத் தன் கைக்கு எழுதிக் கொடுத்திருந்தவர்கள் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார். அவர்கள் அடங்கிப்போனால் பழைய ஒப்பந்தங்களுக்கு யார் பொறுப்பு? புலிவாலைப் பிடித்தவர் நிலைமை அது. 1521-ல் கணக்குப் பார்த்தபோது சார்லஸ் தர வேண்டியது ஆறு லட்சம் குல்டன். அதில் 4,15,000 டிரோல் சுரங்கங்களின் மேல் ஏற்றப்பட்டது. மீதிக்கு ஸ்பெயினைப் பார்க்கச் சொன்னார்கள்.

ஸ்பெயின் பதிலே சொல்லவில்லை. 1523-ல் யாக்கோப் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். என் உதவி இல்லாமல் மாட்சிமை பொருந்திய தங்களுக்கு ரோமானிய மகுடம் கிடைத்திருக்காது என்பது பகல் வெளிச்சம் போலத் தெளிவு, கொடுத்த பணத்தை வட்டியோடு தாமதமில்லாமல் தர உத்தரவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு வணிகர் பேரரசரை மிரட்டினார் என்று இந்தக் கடிதத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் மிரட்டலைவிடக் கவலைதான் அதிகம் தெரிகிறது. ஏனென்றால் அதே ஆண்டு அவர் கழுத்துக்கு வேறொரு கத்தி வந்திருந்தது. நூரம்பர்க்கில் கூடிய பேரரசு மன்றம் பெரு நிறுவனங்களை ஒடுக்கத் திட்டம் போட்டது: முதல் 50,000 குல்டனுக்கு மேல் போகக் கூடாது, மூன்று கிளைக்கு மேல் கூடாது. பேரரசு வழக்கறிஞர் ஃபுக்கர் உள்ளிட்ட ஆக்ஸ்பர்க் நிறுவனங்கள் மேல் ஏகபோக வழக்கும் தொடுத்தார். அவர்களுக்காகச் சட்ட வாதங்களை எழுதியவர் நகரச் செயலர் கொன்ராட் போய்டிங்கர். அறிஞர், பழம்பொருள் சேகரிப்பவர், வெல்சர் வீட்டு மாப்பிள்ளை. சார்லஸ் தலையிட்டு வழக்கை நிறுத்தினார். கடிதத்தில் கேட்கப்படாத பதில் அது. பிறகு 1525-ல் ஸ்பெயினின் மாவீரர் சங்கங்களுக்கு, அதாவது போர்வீரத் துறவிகளின் அமைப்புகளுக்கு, சொந்தமான நிலங்களின் குத்தகை ஃபுக்கருக்குக் கிடைத்தது. அந்த நிலங்களில் அல்மாடென் பாதரசச் சுரங்கமும் அடக்கம். மறுபடியும் பூமிக்கு அடியில் இருக்கும் ஈடு.

ஊர் என்ன நினைத்தது? 1524 ஆகஸ்டில், சீர்திருத்தக் கருத்துகளைப் பேசிய ஒரு பிரான்சிஸ்கன் துறவியை நகர மன்றம் வெளியேற்றப் பார்த்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மன்றக் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். பெரும்பாலும் நெசவாளர்கள், ஏழைகள். அந்தப் பதற்றத்தில் யாக்கோப் ஊரை விட்டுத் தன் பிபர்பாக் கோட்டைக்குப் போய் இருந்தார். மன்றம் முதலில் இறங்கி வந்து, பிறகு இரண்டு நெசவாளர்களின் தலையை வாங்கியது. அடுத்த ஆண்டு விவசாயிகள் எழுச்சி. அதை நசுக்கிய, தென் ஜெர்மனிப் பிரபுக்களும் நகரங்களும் சேர்ந்த ஸ்வாபியக் கூட்டணியின் படைக்குப் பணம் கொடுத்தவர்களில் யாக்கோப் முக்கியமானவர். ஹங்கேரியிலும் 1525-ல் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ந்தார்கள், அரசர் ஃபுக்கரின் சுரங்கங்களைப் பறித்துக்கொண்டார். ஓய்வெடுக்கலாமே என்று தூர்சோ குடும்பத்தவர் சொன்னதற்கு, முடிகிற வரை சம்பாதிக்கவே விருப்பம் என்று முன்பே பதில் சொல்லியிருந்தவர், அந்தத் தகராறுகளுக்கு நடுவிலேயே 1525 டிசம்பர் 30-ல் இறந்தார். புனித அன்னாள் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கோயில் அந்த ஆண்டே லூதர் பக்கம் போய்விட்டது. கடைசிவரை கத்தோலிக்கராக இருந்தவர் இன்றும் சீர்திருத்தச் சபையின் கோயிலில்தான் இருக்கிறார்.

குழந்தை இல்லை. மனைவி சிபில்லா ஏழு வாரத்துக்குள் வேறொருவரை மணந்துகொண்டதை ஆக்ஸ்பர்க் இன்னும் மறக்கவில்லை.

அதே ஊரில் அவர் விட்டுப்போன இன்னொன்று ஃபுக்கெரை என்ற குடியிருப்பு. 1521-ல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்பட்டது. ஊரின் சொந்தக் குடிகளாக இருந்து, உழைத்தும் ஏழையாகிப்போன கத்தோலிக்கர்களுக்கான சிறு வீடுகள், முதலில் 52. பிச்சை எடுப்பவர்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல். வாசல் மணியின் கைப்பிடி வீட்டுக்கு வீடு வேறு வடிவம், விளக்கில்லாத இரவில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டு வாடகை ஒரு ரைன் குல்டன். இன்றும் அதேதான், யூரோ கணக்கில் 88 சென்ட், வெப்பமூட்டும் செலவு போன்றவை தனி. கூடவே, நிறுவனருக்காகவும் குடும்பத்துக்காகவும் தினமும் மூன்று ஜெபம். ஃபுக்கர் பேரேட்டில் ஆக்ஸ்பர்க்கின் காவல் புனிதரான உல்ரிக் பெயரில் தனிக் கணக்கே இருந்தது, தர்மச் செலவு அதில் பதிவானது. இதைப் பாசாங்கு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வட்டி பாவமா என்று சட்டப்படி தெளிவு தேடி ஓர் இறையியலாளரைப் பொலோனாவுக்கு அனுப்பும் மனிதர், ஆன்மாவுக்கும் ஒரு கணக்குத் தொடங்கி வைப்பது அவர் சுபாவத்துக்குப் பொருந்துகிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் கொத்தனார் ஃபிரான்ஸ் மோட்சார்ட், இசைமேதையின் கொள்ளுத் தாத்தா. 1944 பிப்ரவரி குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து, மறுபடி கட்டப்பட்டு, இப்போது சுமார் 150 பேர் வசிக்கிறார்கள். இரவு பத்துக்கு மேல் வந்தால் கதவு திறக்கச் சில்லறை கொடுக்க வேண்டும்.

யாக்கோப்பின் சொத்தை இன்றைய டாலரில் கணக்குப் போட்டு, சரித்திரத்திலேயே பெரிய பணக்காரர் என்று பட்டியல் போடும் கட்டுரைகள் ஏராளம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய குல்டனை இன்றைய பணமாக்க நம்பத்தக்க வழி எதுவும் இல்லை, அதனால் அந்த எண்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. வாரிசான அண்ணன் மகன் அன்டோன் 1527-ல் எடுத்த கணக்கு போதுமானது. மொத்தச் சொத்து சுமார் 30 லட்சம் குல்டன், தர வேண்டியது சுமார் 8,70,000. சொந்த முதல் 1511-லிருந்து பத்து மடங்காகியிருந்தது. ஆனால் அந்த 30 லட்சத்தில் பாதிக்கு மேல் பிறர் தர வேண்டிய கடன். அதில் பெரும் பங்கு சார்லஸும் அவர் தம்பி ஃபெர்டினாண்டும் தர வேண்டியது.

அன்டோன் முதலை இன்னும் பெருக்கினார். 1546-ல் நிறுவனம் உச்சத்தில் இருந்தது. சார்லஸின் கடன் சீட்டை அன்டோன் இலவங்கப்பட்டை நெருப்பில் போட்டு எரித்தார் என்று ஒரு கதை ஜெர்மனியில் பிரபலம், 19-ஆம் நூற்றாண்டில் அதை ஓவியமாகவும் தீட்டினார்கள். கதைதான். நடந்தது வேறு. அமெரிக்க வெள்ளி வரும் வரும் என்று நம்பி ஆண்ட்வெர்ப் சந்தையில் ஸ்பெயினுக்குக் கொடுத்த கடன்கள் ஷ்வாட்ஸ் ஒப்பந்தம் போன்றவை அல்ல. கப்பல் வந்தால் வெள்ளி, அதுவும் அரசர் மனம் வைத்தால். 1557-ல் சார்லஸின் மகனும் ஸ்பெயின் அரசருமான இரண்டாம் பிலிப் கடன்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தி, அவற்றைக் குறைந்த வட்டி நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றினார். லூக்காஸுக்கு லூவன் செய்ததை ஒரு பேரரசே செய்தது.

அன்டோன் 1560-ல் இறப்பதற்குள் ஸ்வாபியாவில் பாபன்ஹவுசன், கிர்ஷ்ஹைம் என்று நிலங்களை வாங்கிக் குவித்திருந்தார். அல்மாடென் குத்தகை இடைவெளிகளோடு 1645 வரை ஓடியது. வணிக நிறுவனம் முப்பதாண்டுப் போருக்குப் (1618–48) பின் மூடப்பட்டது. ஃபுக்கெரையை இன்று நடத்துவது குடும்ப அறக்கட்டளை. அதன் வருமானத்தில் பெரும்பகுதி அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளிலிருந்து வருகிறது, ஒரு பங்கு பார்வையாளர் சீட்டிலிருந்து.